ஈக்வடாரில் ஒரு பருவப் படிப்பு: யாருக்குப் பொருந்தும்?

வெளிநாட்டில் ஒரு பருவம் படிக்க விரும்பும் மாணவர்களின் பட்டியலில் தென் அமெரிக்க நாடுகள் முதலிடத்தில் இருப்பது அரிது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் சூழலியல் படித்தபோது, மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் ஒரு பருவத்தை ஈக்வடாரின் சான் பிரான்சிஸ்கோ தெ கீட்டோ பல்கலைக்கழகத்தில் படித்தேன். தமிழ்நாட்டைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு பரப்பே உள்ள அந்த நாட்டுக்குள் ஆண்டிஸ் மலைகள், அமேசான் காடு, பசிபிக் கரை, கலாபகஸ் தீவுகள் ஆகிய நான்கும் அடங்கியிருக்கின்றன. 14 பழங்குடித் தேசிய இனங்களும் 1,600க்கும் மேற்பட்ட பறவையினங்களும் அங்கே வாழ்கின்றன. இதையெல்லாம் எந்த விளம்பர ஏடும் சொல்லிவிடும். அந்தப் பன்மையைப் பாடமாக நடத்துகிறார்களா, சுற்றிக்காட்டி அனுப்பிவிடுகிறார்களா என்பதைத்தான் பணம் கட்டுவதற்கு முன் விசாரிக்க வேண்டும். அமேசானில் அது முழுமையான பாடமாக இருந்தது. கலாபகஸில் பாதி சுற்றுலாவாக இருந்தது. ஸ்பானிய மொழி ஓரளவாவது தெரியாதவருக்கு இரண்டிலுமே கிடைப்பது குறைவு.

1988இல் தொடங்கப்பட்ட இந்தத் தனியார் பல்கலைக்கழகம், கீட்டோ நகருக்குக் கிழக்கே தாழ்ந்த பள்ளத்தாக்கிலுள்ள கும்பயா என்னும் வசதியான புறநகரில் இருக்கிறது. கீட்டோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,850 மீட்டர் உயரத்தில், அதாவது நம் தொட்டபெட்டா சிகரத்தைவிடவும் உயரத்தில் இருப்பதால், முதல் வாரம் மாடிப்படி ஏறுவதே வேலையாகிவிடுகிறது; கும்பயா சில நூறு மீட்டர் தாழ்ந்திருப்பது அந்த வகையில் ஒரு சலுகை. வளாகத்தில் ஆங்கில வழிப் பாடங்கள் சில உண்டு என்றாலும், பெரும்பாலானவை ஸ்பானிய மொழியில்தான் நடக்கின்றன. ஆங்கிலப் பாடங்களை மட்டும் தேர்ந்தெடுத்தவர்கள் தங்களைப் போன்ற அயல்நாட்டு மாணவர்களுடனேயே பருவத்தைக் கடத்தியதைப் பார்த்தேன். கட்டணம் மிகுந்த தனியார் நிறுவனம் என்பதால் உள்ளூர் மாணவர்களில் பலர் வசதியான குடும்பத்தினர்; ஆனால் பழங்குடியினருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் கல்வி உதவி வழங்கும் இனப்பன்மைத் திட்டம் ஒன்றை அவர்கள் நெடுங்காலமாக நடத்திவருகிறார்கள். ஒத்தவாலோ என்ற ஊரிலிருந்து வந்த கிச்வாப் பழங்குடி மாணவி ஒருத்தி என் வகுப்பில் இருந்தாள். சந்தையில் கம்பளி வாங்கும்போது என்ன விலை கேட்கலாம் என்பதில் தொடங்கி, நிலச் சீர்திருத்தம் அவள் தாத்தாவின் ஊரை எப்படி மாற்றியது என்பது வரை அவளிடம் கற்றது, எனக்குக் கிடைத்த மதிப்பெண் பட்டியலில் எங்கும் இல்லை.

தங்குவதற்கு விடுதியைவிட உள்ளூர்க் குடும்பத்தையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். காலை உணவும் இரவு உணவும் அங்கேயே கிடைத்துவிடும். சைவ உணவு உண்பவர்கள் மட்டும் முதல் நாளே தெளிவாகப் பேசிவிட வேண்டும். இறைச்சி சாப்பிடமாட்டேன் என்று நான் சொன்ன அன்றிரவே தட்டில் கோழி வந்தது, "இது இறைச்சி இல்லையே, கோழிதானே!" என்று வீட்டம்மா உண்மையான வியப்போடு கேட்டார். அதன்பின் அவர் காட்டிய அக்கறைக்குக் குறைவே இல்லை. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் கரைய வேகவைத்து, மேலே வெண்ணெய்ப்பழத் துண்டு வைத்துத் தரும் 'லோக்ரோ' என்ற கெட்டியான சூப்பும், வறுத்த சோளத்துடன் கொடுக்கும் 'சோச்சோ' என்ற அவரை இனத்துப் பயறும் வாரம் தவறாமல் கிடைத்தன. மேசையில் எப்போதும் இருக்கும் 'ஆஹி' என்ற காரச் சாந்தை, நம் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் விற்கிற அதே மரத்தக்காளியையும் மிளகாயையும் சேர்த்து அரைக்கிறார்கள். தயிர்சாதத்துக்கு அது எவ்வளவு பொருத்தம் என்பதை அந்த வீட்டாருக்கு நான்தான் காட்டிக்கொடுத்தேன். மதிய உணவுக்குச் சிறு கடைகளில் சூப்பு, சோறு, பழச்சாறு அடங்கிய 'அல்முவெர்சோ' மூன்று டாலர் அளவில் கிடைக்கும். 2000ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்க டாலரே அந்நாட்டு நாணயம் என்பதால் பணம் மாற்றும் தொல்லை இல்லை.

இந்தப் படிப்பின் உச்சம் திபுதினி உயிர்ப்பன்மை ஆய்வு நிலையம். யசூனி தேசியப் பூங்காவை ஒட்டிய அமேசான் காட்டில், பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் கூட்டுறவுடன் இதே பல்கலைக்கழகம் நிறுவிய நிலையம் அது. போய்ச் சேரவே ஒரு பகல் ஆகிறது: கீட்டோவிலிருந்து கோக்கா நகருக்கு விமானம், அங்கிருந்து நாப்போ ஆற்றில் விசைப்படகு, பொம்பேயா என்ற இடத்தில் எண்ணெய் நிறுவனத்தின் சோதனைச் சாவடி, அதைக் கடந்தபின் காட்டைக் கிழித்துச் செல்லும் சாலையில் வண்டி, கடைசியாகத் திபுதினி ஆற்றில் மறுபடியும் படகு. உலகிலேயே உயிரினச் செறிவு மிக்க காடுகளில் ஒன்றுக்குள் நுழைய எண்ணெய் நிறுவனத்தின் வாயிலில் பையைத் திறந்து காட்டி நிற்க வேண்டியிருக்கிறது என்பதே முதல் பாடம். எங்கள் ஆசிரியர் வண்டியை நிறுத்தி அந்தச் சாலையைப் பற்றியே பேசினார். 1990களின் தொடக்கத்தில் எண்ணெய்க்காகப் போடப்பட்ட அந்தச் சாலையில் வெளியார் குடியேற அனுமதி கிடையாது. ஆகவே காடு தப்பிவிடும் என்று பலர் நம்பினார்கள். ஆனால் அந்தக் காட்டின் பழங்குடியினரான வாவோரானி மக்கள் சிலர் சாலையோரம் குடியமர்ந்தனர்; நிறுவன வண்டிகளில் இலவசமாகப் பயணம் செய்ய முடிந்தது; பொம்பேயாவில் காட்டு இறைச்சிச் சந்தை வளர்ந்தது; வேட்டை பெருகியது. வேட்டையாடியவரைக் குற்றம் சொல்லி முடித்துவிடாமல், அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் எங்களையே தேடிக் கண்டுபிடிக்க வைத்தார்.

நிலையத்தில் பகட்டு எதுவும் இல்லை. மின்சாரம் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் வரும், துணி காயவே காயாது. விடியும் முன் எழுந்து, நெடிய இலவ மரம் ஒன்றைச் சுற்றி எழுப்பிய கோபுரத்தில் ஏறினால், மூடுபனி விலக விலகக் காட்டின் மேற்கூரை கண்ணுக்குக் கீழே விரியும். நாம் தலையணைக்குப் பஞ்சு எடுக்கும் அதே இலவமரம்தான் அங்கே பிற மரங்களையெல்லாம் தாண்டி நிற்கிறது. யசூனியின் ஒரே ஹெக்டேர் நிலத்தில் 650க்கும் மேற்பட்ட மரவகைகளைக் கணக்கிட்டிருக்கிறார்கள் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மரங்கள் ஒரே வகையாக இருக்கின்றனவா என்று தேடி அரைநாள் நடக்கவைத்தபோதுதான் அந்த எண் விளங்கியது. ஆற்றில் மரக்கட்டைமேல் வெயில் காயும் ஆமைகளின் கண்ணோரத்தில் வண்ணத்துப்பூச்சிகள் அமர்ந்து கண்ணீரை உறிஞ்சுவதையும் அங்கேதான் பார்த்தேன். மேற்கு அமேசானில் அரிதாகவே கிடைக்கும் உப்பை அவை அப்படித் தேடிக்கொள்கின்றன என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

யசூனியின் 43ஆம் எண் வட்டாரத்தில் எண்ணெயை மண்ணுக்கடியிலேயே விட்டுவிட வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் நடந்த பொது வாக்கெடுப்பில் ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். வெளிநாட்டு நாளேடுகள் இவ்வளவோடு நின்றுகொண்டன. யசூனி பெரும்பாலும் அமைந்திருக்கும் ஒரேயானா மாகாணத்தில் பெரும்பான்மையினர் எதிர்த்து வாக்களித்ததன் காரணத்தை, படகோட்டியிடம் ஸ்பானிய மொழியில் பேச முடிந்தவர்கள் மட்டுமே அறிந்துகொண்டோம். தம்பிக்கு எண்ணெய்க் கிணற்றில் வேலை, ஊருக்கு மருத்துவமனை, இவை போனால் யார் தருவார் என்று அவர் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் வழியாக அந்த உரையாடல் நடந்திருக்காது.

சட்டத்தில் ஆர்வமுள்ளவர்கள் சுற்றுச்சூழல் கொள்கைப் பாடத்தைத் தவறவிடக் கூடாது. இயற்கைக்கே உரிமைகள் உண்டு என்று 2008ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தில் எழுதிய முதல் நாடு ஈக்வடார். அந்த உரிமையை அடிப்படையாகக் கொண்டு லோஸ் செட்ரோஸ் மேகக் காட்டில் சுரங்கம் தோண்டக் கூடாது என 2021இல் அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் இயற்கை அன்னையை உயிருள்ள சட்ட ஆளாக அறிவித்ததை நான் வகுப்பில் எடுத்துச் சொன்னபோது, அடுத்த வாரமே அதை விவாதப் பொருளாக்கினார்கள்.

கலாபகஸைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சான் கிறிஸ்டோபல் தீவிலுள்ள கிளை வளாகத்தில், ஒரு நேரத்தில் ஒரே பாடம் என்ற முறையில் அடுத்தடுத்து ஆங்கிலத்திலேயே நடத்துகிறார்கள். கடல் உயிரியலில் ஆழ்ந்து செல்ல விரும்புவோருக்கு அது நல்ல ஏற்பாடுதான். கடற்சிங்கங்கள் சாலையோர இருக்கைகளில் படுத்துறங்குவதும், இகுவானா என்னும் பெரிய பல்லிகளைத் தாண்டி நடக்க வேண்டியிருப்பதும் முதல் சில நாட்களுக்குப் பெரும் வியப்பு. ஆனால் சிறிய ஊர், விலைவாசி அதிகம், ஈர்ப்பதெல்லாம் படகுச் சுற்றுலா. கையில் காசில்லாத மாணவர் ஜன்னலோரம் நின்று பார்ப்பவராகிவிடுகிறார். சுற்றுலாப் பயணியாகச் செல்லும் வெளிநாட்டவருக்குப் பூங்கா நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்டிலிருந்து 200 டாலர். முழுப் பருவத்தையும் அங்கே கழிப்பதைவிட, கீட்டோவில் தங்கிச் சில நாட்கள் போய்வருவதே நல்லது என்பேன். விதைகளையும் பழங்களையும் தீவுக்குள் அனுமதிப்பதில்லை என்பதால் சமையல் மூட்டையைக் கீட்டோவிலேயே விட்டுவிடுங்கள்.

எனக்கிருந்த பெரிய குறை, இடையில் நின்ற முகவர் நிறுவனத்தைப் பற்றியது. ஸ்பானிய மொழி தேவையில்லை என்று அவர்கள் உறுதியளித்தார்கள். களப்பயணச் செலவு தனி என்பதைச் சேர்க்கைக்குப் பிறகே தெரிவித்தார்கள். திபுதினிப் பயணம் கட்டணத்தில் அடங்குமா என்று எழுத்து வடிவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாதுகாப்பு குறித்துப் பெற்றோர் கேட்பது நியாயமே. 2024 ஜனவரியில் குற்றக் கும்பல்களுக்கு எதிராக உள்நாட்டு ஆயுத மோதல் நிலையையே அரசு அறிவித்தது. வன்முறை குவயாகில் போன்ற கரையோர நகரங்களில்தான் மிகுதி என்றாலும், கீட்டோவிலும் இருட்டியபின் செயலி வழியே வண்டி அழைத்துத்தான் வீடு திரும்பினேன்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் விசாவுக்குப் போதிய காலம் ஒதுக்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை ஊருக்குத் திரும்பும்போதும் நினைவில் கொள்ள வேண்டும்: செல்லுபடியாகும் சான்றிதழ் இல்லாமல் ஈக்வடாரிலிருந்து இந்தியாவில் இறங்குபவரை ஆறு நாட்கள் வரை தனிமைப்படுத்த விதி இருக்கிறது. சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் அந்த ஊசியைப் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாட்கள் கழித்தே சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதால் பயணச்சீட்டு எடுத்த கையோடு அதற்கு நாள் குறித்துக்கொள்வது நல்லது.