பழைய பேஸ்பால் கார்டு அபூர்வமா இல்லையா: எந்தக் கணக்கை நம்பலாம்?

டாப்ஸ் நிறுவனத்தின் 1952 பேஸ்பால் கார்டு தொகுப்பில் 311, 312, 313 என்று அடுத்தடுத்து மூன்று ஆட்டக்காரர்களின் கார்டுகள்: மிக்கி மேன்டில், ஜாக்கி ராபின்சன், பாபி தாம்சன். அந்த வருடத்துக் கடைசி வரிசை 311-ல் தொடங்கி 407-ல் முடிகிறது, அதாவது 97 கார்டு. அச்சுத் தாளிலோ நூறு கட்டம். மிஞ்சிய மூன்று கட்டத்திலும் இந்த மூவரையே இன்னொரு தடவை போட்டுவிட்டார்கள். ஆக மூன்றும் அச்சானது சம எண்ணிக்கையில்தான். ஆனால் கார்டின் நிலையைப் பார்த்து 1 முதல் 10 வரை கிரேடு போடும் பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் பாப் ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்தால் (எந்தக் கார்டு, எந்த கிரேடில், எத்தனை வந்தது என்ற பட்டியல் அது) மேன்டில் எங்கேயோ மேலே இருக்கிறார், தாம்சன் நன்றாகவே கீழே.

காரணம் சுலபம். மேன்டில் கார்டு ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. மடிந்து, மூலை மழுங்கி, பின்பக்கம் பசை ஒட்டிய மேன்டிலைக்கூட யாரும் கிரேடிங்குக்கு அனுப்பாமல் விடமாட்டார்கள். அதே நிலைமையில் இருக்கும் தாம்சனுக்கு யார் கட்டணம் கட்டுவார்கள்? அது பழைய டப்பாவிலேயே கிடக்கும். பாப் ரிப்போர்ட் எண்ணுவது உலகத்தில் எத்தனை கார்டு இருக்கிறது என்பதை அல்ல, எத்தனை பேருக்கு அனுப்பத் தோன்றியது என்பதை.

அந்த எண்ணிக்கையாவது சுத்தமா என்றால், அதுவும் இல்லை. ஒருவர் கையில் 7 வாங்கிய கார்டு இருக்கிறது, 8 கிடைத்திருக்க வேண்டியது என்று அவருக்கு உறுத்தல். கிரேடு போட்ட கார்டை மூடித் தரும் பிளாஸ்டிக் உறையை, அதாவது ஸ்லாபை, ஓரத்தில் நெம்பி உடைக்கிறார், கார்டை வெளியே எடுத்து மறுபடி அனுப்புகிறார், மறுபடியும் 7. இன்னொரு தடவை. பிறகு வெறுத்துப்போய் எஸ்.ஜி.சி. என்ற இன்னொரு கிரேடிங் நிறுவனத்துக்கு அனுப்புகிறார். உடைத்த ஸ்லாபின் லேபிளைத் திருப்பி அனுப்பினால் கணக்கிலிருந்து கழித்துவிடுவார்கள்தான், ஆனால் அந்தச் சின்னத் துண்டு மேசை டிராயரில்தான் தங்கும். ஒரே கார்டு இப்போது நான்கு கார்டாக எண்ணப்பட்டுவிட்டது. இரண்டு நிறுவனங்களின் எண்ணிக்கையையும் கூட்டினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், கூட்டும்போது பிழையும் சேர்ந்துதான் கூடும். போதாக்குறைக்கு 2008-ல் பி.எஸ்.ஏ. 8.5 போன்ற அரை கிரேடுகளைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய 8-ம் அதற்குப் பிந்தைய 8-ம் ஒரே வரிசையில் இருந்தாலும் ஒரே பொருள் இல்லை.

பி.எஸ்.ஏ. முதன்முதலில் கிரேடு போட்ட கார்டே, சிகரெட்டோடு வந்த பழைய டி206 தொகுப்பின் ஹோனஸ் வாக்னர்தான், கொடுத்தது 8. அதன் ஓரத்தை, சுத்தமாகத் தெரிவதற்காக, தானே வெட்டியதாக ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். பட்டியலின் முதல் பதிவே அந்த லட்சணம்.

சரி, ஏல ஆவணங்கள்? மிக அபூர்வமான கார்டுகளுக்கு இதை விட்டால் வேறு வழி இல்லை. வாக்னர் கார்டுகள் தெரிந்தவரை அறுபதுக்குள்தான் இருக்கும். படத்தைப் பெரிதாக்கி மடிப்பு, கறை, விளிம்பு அகலம் எல்லாவற்றையும் ஒப்பிட்டால், ஸ்லாப் மாறினாலும் கார்டு அதேதான் என்று பிடித்துவிடலாம். ஆனால் இறங்கிவந்தால் இந்த வழி சீக்கிரமே கைவிட்டுவிடும். காமன் கார்டுகளை, அதாவது பெரிய பெயர் இல்லாத ஆட்டக்காரர்களின் சாதாரணக் கார்டுகளை, ஐம்பது நூறாகக் கட்டி ஒரே லாட்டாக விற்பார்கள், படத்தில் மேலே இருக்கும் நாலைந்துதான் தெரியும்.

மூன்றாவது, அச்சுத் தாள். எனக்குப் பிடித்தது இதுதான், ஒருபக்கச் சாய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். பபிள்கம்மோடு வந்த 1933 கௌடி தொகுப்பு 24 கட்டம் கொண்ட பத்துத் தாள்களில் அச்சானது. 240 கட்டம், ஆனால் பேப் ரூத்தின் 144-ம் எண் இரண்டு இடத்தைப் பிடித்துக்கொண்டது, 106-க்கு இடமே இல்லை. பையன்கள் 106-ஐத் தேடி பபிள்கம் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். புகார் எழுதிக் கேட்டவர்களுக்கு 1934-ல்தான் நாப் லாஜோய் படத்தோடு 106-ஐ அச்சிட்டுத் தபாலில் அனுப்பினார்கள். கடிதத்தோடு கிளிப் போட்டு அனுப்பியதால் பல கார்டுகளில் கிளிப் பதிந்த தடம் இன்றும் தெரியும். அதே தொகுப்பின் 1-ம் எண், பென்னி பெங்காஃப், எண்வரிசையில் கட்டிய அடுக்கின் மேலே உட்கார்ந்து ரப்பர் பேண்டிடம் அடிவாங்கியது. அதனால் கார்டாக லாஜோய் மிக அபூர்வம், ஆனால் கிடைப்பவை பெரும்பாலும் நல்ல நிலையில். பெங்காஃப் நேர்மாறு, சாதாரணமாகக் கிடைக்கும், சுத்தமான ஒன்று கிடைப்பதுதான் பாடு. 'அபூர்வம்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் பேசுவதால்தான் பாதிச் சண்டை.

ஆனால் தாளுக்கும் எல்லை உண்டு. எத்தனை அச்சானது என்று ஓரளவு சொல்லும், எத்தனை பிழைத்தது என்று சொல்லாது. விற்காமல் தேங்கிய 1952 கார்டுகளை 1960-ல் டாப்ஸ் அட்லாண்டிக் கடலில் கொட்டியது எந்தத் தாளிலும் இல்லை. 1914 கிராக்கர் ஜாக் கார்டுகள் தின்பண்டப் பெட்டிக்குள்ளேயே கிடந்து கேரமல் கறை பிடித்தவை, 1915-ல் முழுத் தொகுப்பையும் தபாலில் வாங்க முடிந்தது. இன்று சுத்தமான 1914 கார்டு அரிது என்பதற்கு அந்தக் கறையும் ஒரு காரணம், அச்சகம் மட்டும் இல்லை.

பாப் ரிப்போர்ட் நன்றாக வேலை செய்யும் இடமும் உண்டு. ஒரே தொகுப்பில், அனுப்பத் தூண்டும் ஆசை ஏறக்குறைய சமமாக இருக்கும் கார்டுகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கௌடியில் ரூத்துக்கு நான்கு கார்டு: 53, 144, 149, 181. நான்கிலும் ரூத், எதுவும் டப்பாவில் தூங்காது. உடைத்து மறுபடி அனுப்பும் பழக்கமும் நான்குக்கும் ஒன்றுதான். அங்கே 144 அதிகமாக வந்திருப்பது தாள் சொல்வதோடு ஒத்துப்போகிறது. மஞ்சள் பின்னணி கொண்ட 53-ஐ, முக்கியமாக உயர்ந்த கிரேடில், கஷ்டமானது என்று சேகரிப்பவர்கள் சொல்வதையும் நம்பலாம். மேன்டிலையும் தாம்சனையும் இப்படி ஒப்பிட முடியாது. டி206-ன் பின்பக்க விளம்பரங்களையும் முடியாது, பழைய லேபிள்களில் எந்த சிகரெட் விளம்பரம் என்று போடவே இல்லை.

அதனால் விற்பவர் '1970-களின் காமன், 9-ல் பாப் இரண்டுதான்' என்று விலையை ஏற்றினால், 8-ல் எத்தனை என்று கேளுங்கள். எட்டில் நூற்றுக்கணக்கில் இருந்து ஒன்பதில் இரண்டே இருந்தால், சரி, பலர் முயன்று தோற்றிருக்கிறார்கள். எட்டிலும் மூன்றோ நான்கோதான் என்றால், அந்தக் கார்டை இன்னும் யாரும் அனுப்பவே ஆரம்பிக்கவில்லை, அவ்வளவுதான்.