படத்தில் கடல், நேரில் சேறு: புக்கெட்டில் 'பீச்ஃப்ரண்ட்' ஹோட்டல் தேடுபவர்கள் கவனத்துக்கு

குழந்தைகளோடு தீவுக்குப் போகத் திட்டமிட்டு ஹோட்டல் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். முக்கியமாக, "படி இறங்கினால் கடல்" என்று விளம்பரம் செய்யும் ஹோட்டல்களைக் குறித்து வைத்திருப்பவர்கள்.

நாங்கள் போனது தாய்லாந்தின் புக்கெட் தீவுக்கு, மே மாதக் கடைசியில். நான், கணவர், பிள்ளைகள் இரண்டு பேர், அத்தை. மே தொடங்கி அக்டோபர் வரை அங்கே தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். பட்டோங், கரோன், கட்டா என்று பெயர்பெற்ற கடற்கரைகள் எல்லாம் தீவின் மேற்குப் பக்கம் இருப்பவை. அந்த மாதங்களில் அங்கே அலை மூர்க்கமாக இருக்கும், ஆளை உள்ளே இழுத்துப்போகும் நீரோட்டமும் உண்டு. கரையில் சிவப்புக் கொடி நட்டுவிடுவார்கள். கொடியை மதிக்காமல் இறங்கி உயிரை விட்டவர்கள் நிறைய.

அதனால்தான் அலையில்லாத பக்கமாகத் தேடி, தீவின் தென்கிழக்கில் ஒரு ஹோட்டலை எடுத்தோம். அத்தைக்கு முழங்கால் வலி, மணலில் அதிக தூரம் நடக்க முடியாது. இந்த ஹோட்டலின் படங்களில் நீச்சல்குளத்தை ஒட்டி ஒரு படிக்கட்டு, அதன் கடைசிப் படியில் பச்சையும் நீலமுமாகத் தண்ணீர். ஒன்றிரண்டு அல்ல, எல்லாப் படங்களிலும் தண்ணீர் அதே உயரத்தில்தான் இருந்தது. பதிவு செய்வதற்கு முன் மின்னஞ்சலிலும் கேட்டேன்: சின்னப் பிள்ளைகள் கடலில் இறங்கி விளையாடலாமா? அன்றைக்கே பதில் வந்தது. "எங்கள் கடற்கரை ஆழமில்லாதது, அலையில்லாதது, குழந்தைகளுக்கு மிகவும் ஏற்றது." முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டினோம். ரத்து செய்தால் பணம் திரும்பாது என்ற வகை அறை.

போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் நாலு மணி இருக்கும். பெட்டிகளைக்கூடத் திறக்காமல் பிள்ளைகள் படிக்கட்டுக்கு ஓடினார்கள். கடைசிப் படிக்குக் கீழே தண்ணீரே இல்லை. சாம்பல் நிறச் சேறு, அதில் அங்கங்கே நண்டு வளைகள், கறுத்த பாறைகள், பாறை முழுக்கக் கத்தி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த சிப்பிகள். மீன்பிடிப் படகுகள் சேற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தன. கடல் எங்கோ தொலைவில் ஒரு கோடாகத் தெரிந்தது. என்ன ஏது என்று நாங்கள் பார்ப்பதற்குள் சின்னவள் இறங்கிவிட்டாள். சிப்பி கிழித்து உள்ளங்காலில் ரத்தம். சேறு அப்பிய காயத்தைக் கழுவித் துடைத்து மருந்து போடுவதிலேயே அந்த மாலை போனது.

ரிசப்ஷனில் கேட்டால், "இது இயற்கை மேடம், காலையில் தண்ணீர் வந்துவிடும்" என்றார்கள். வந்ததுதான். காலை பத்து, பதினோரு மணிக்குப் படிக்கட்டு வரை தண்ணீர் நின்றது, கலங்கலாக. மதியத்துக்கு மேல் மறுபடி உள்வாங்க ஆரம்பித்தது. அந்தச் சில மணி நேரத்திலும் அடியில் அதே பாறையும் சிப்பியும்தானே இருக்கிறது, பிள்ளைகளை எப்படி விடுவது?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். இரண்டாம் நாள் கயாக் (துடுப்பால் ஓட்டும் சின்னப் படகு) கேட்கப் போனேன். கயாக் இலவசம் என்று தளத்தில் போட்டிருந்தார்கள். மேசையில் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள்: அந்த மாதம் முழுக்க ஒவ்வொரு நாளும் கடல் ஏறும் நேரம், இறங்கும் நேரம். கயாக் விடக்கூடிய மணிகளை மட்டும் மஞ்சள் மையால் தீட்டியிருந்தார்கள். பக்கத்திலேயே ரப்பர் காலணிகள், வாடகைக்கு. ஆக, எந்த நாளில் எந்த மணிக்குக் கடல் இருக்காது என்பது அவர்களுக்கு நிமிடக் கணக்கில் தெரியும். பாறை காலைக் கிழிக்கும் என்பதும் தெரியும். பிள்ளைகள் இறங்கலாமா என்று கேட்டவளுக்கு எழுதிய பதிலில் மட்டும் அதில் ஒரு வரியும் இல்லை. ஆழமில்லை, அலையில்லை என்று சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அறை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடுவில் உள்கதவு வைத்து ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகக்கூடிய இரண்டு அறைகள் கேட்டிருந்தோம். கிடைத்தவை வேறு வேறு மாடியில். "கிடைத்தால் தருவோம்" என்றுதான் உறுதிச்சீட்டில் இருக்கிறது என்று காட்டினார்கள். குழந்தையும் முதியவரும் கூட வருகிறார்கள் என்றால், உள்கதவு அறை உறுதி என்று எழுத்தில் வந்தால் ஒழிய அதை நம்ப வேண்டாம்.

சரி, இனி போகிறவர்கள் என்ன பார்க்க வேண்டும்? ஹோட்டலைவிட முதலில் அதன் முன்னால் இருக்கும் கடலைப் பாருங்கள். புக்கெட் பக்கத்தில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை இறங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் இந்த ஏற்ற இறக்கம் 2 மீட்டருக்கு மேல் போகும். சரிவான மணற்கரையில் அது பெரிதாகத் தெரியாது. கிழக்குப் பக்கம் மாதிரித் தட்டையான சேற்றுக் கரையில் 2 மீட்டர் இறங்கினால் தண்ணீர் பல நூறு மீட்டர் பின்வாங்கிவிடும். நேரமும் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். எந்த ஊருக்கும், எந்தத் தேதிக்கும் கடல் ஏற்ற இறக்க அட்டவணை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நீங்கள் தங்கப்போகும் நாள்களை அதில் வைத்துப் பாருங்கள்.

இது புக்கெட்டில் மட்டும் உள்ள சிக்கல் இல்லை. ஆப்பிரிக்காவில் தான்சானியாவைச் சேர்ந்த சான்சிபார் தீவின் கிழக்குக் கரையில் பாஜே, ஜம்பியானி பக்கம் கடல் வெகுதூரம் உள்வாங்கும். அதே தீவின் வடமுனையில் நுங்வியில் அந்தத் தொல்லை குறைவு. மாலத்தீவில் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான், ஆனால் சில தீவுகளில் கரையை ஒட்டியே பவளப்பாறை இருக்கும். கரீபியனில் கடல் அவ்வளவாக இறங்காது. அங்கே பிரச்சினை சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி. 2011 முதல் அது பெருமளவில் ஒதுங்கி வருகிறது, கிழக்கு பார்த்த கரைகளில்தான் அதிகம். ஆகவே எந்தத் தீவு என்பதோடு எந்தப் பக்கம், எந்த மாதம் என்பதையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அலையும் வேண்டாம், சேறும் வேண்டாம் என்றால் புக்கெட்டுக்கு நவம்பர் முதல் ஏப்ரலுக்குள் போய் மேற்குக் கரையில் தங்குவது நல்லது.

ஹோட்டல் போட்ட படங்களை ஒதுக்கிவிட்டு, தங்கியவர்கள் போட்ட படங்களைப் புதியது முதலாகப் பாருங்கள். கூகுள் எர்த்தில் பழைய தேதிகளின் செயற்கைக்கோள் படங்களையும் புரட்டிப் பார்க்கலாம். நாலைந்து தேதி பார்த்தால் ஒன்றிலாவது கடல் இறங்கியிருக்க வாய்ப்புண்டு, அப்போது அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். கருத்துகளில் 'லோ டைட்' (கடல் இறங்கிய நேரம்), 'வாட்டர் ஷூ' (தண்ணீரில் போடும் காலணி) என்ற சொற்களைத் தேடுங்கள். வாட்டர் ஷூ கொண்டுபோங்கள் என்று ஒருவருக்கு மேல் எழுதியிருந்தால் அது குழந்தைகள் ஓடியாடும் கரை இல்லை.

அப்புறம், கேள்வியைக் கேட்கும் விதம். "குழந்தைகளுக்கு ஏற்றதா?" என்றால் ஏற்றது என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை, பகலில் கடல் மிகவும் இறங்கியிருக்கும் நேரத்தில், இடுப்பளவுத் தண்ணீருக்குப் படிக்கட்டிலிருந்து எத்தனை மீட்டர் நடக்க வேண்டும்? அடியில் மணலா, சேறா, பாறையா?" பதில் எழுத்தில் வரட்டும். மழுப்பினால் அந்த ஹோட்டலை விட்டுவிடுங்கள்.

பணத்தைப் பற்றிக் கேட்பீர்கள். மிச்ச நாள்களை ரத்து செய்யச் சொன்னோம். ஹோட்டல், பதிவு செய்த தளத்திடம் பேசச் சொன்னது. தளம், ஹோட்டல் ஒப்புக்கொண்டால் தருகிறோம் என்றது. ஊர் திரும்பியதும் கிரெடிட் கார்டு வங்கியிடம் முறையிட்டோம், அதுவும் தள்ளுபடியாகிவிட்டது. படங்கள் அதே இடத்தில் எடுத்தவைதான், மின்னஞ்சலிலும் தவறான தகவல் இல்லை என்று காரணம் சொன்னார்கள். ரத்து செய்ய வழியுள்ள அறைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் பரவாயில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி எடுத்த சேற்றுப் படங்களையும் அந்த மஞ்சள் தீட்டிய தாளின் படத்தையும் முன்பதிவுத் தளத்தில் ஏற்றியிருக்கிறேன். அவற்றை நீக்கினால் இரண்டு இரவு இலவசமாகத் தருகிறோம் என்று ஹோட்டலிலிருந்து செய்தி வந்தது. நீக்கப் போவதில்லை.