டர்பனில் ‘டிரையத்லான் செட்’ வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு சைக்கிள் கடையில், டிரையத்லானுக்கென்றே (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த பந்தயம்) செய்தது என்று சொல்லி ஒரு ஜோடி ஷூவையும் பெடலையும் என் தலையில் கட்டினார்கள். 4,600 ராண்ட். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பந்தயத்தில், பின்னால் சைக்கிள்கள் வந்துகொண்டிருந்த இடத்தில் குறுக்கே விழுந்தேன். எனக்குப் பின்னால் வந்த பெண் கடைசி நொடியில் ஹேண்டிலைத் திருப்பாவிட்டால் அவருக்கும் அடிபட்டிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் நாகர்கோவில்காரன். வேலைக்காக இங்கே வந்து நான்கு வருடமாகிறது, சாட்ஸ்வொர்த்தில் குடியிருக்கிறேன். போன வருடம் முதன்முதலாக ஸ்பிரிண்ட் டிரையத்லான் ஒன்றில் இறங்கினேன்: 750 மீட்டர் கடல் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். நீந்திக் கரையேறி, கால் மணலைத் துடைத்து, சாதாரண ரோடு ஷூவை இறுக்கிக்கொண்டு, கிளீட் (ஷூவின் அடியில் இருந்து பெடலில் பூட்டிக்கொள்ளும் துண்டு) தார்ச்சாலையில் வழுக்க வழுக்கச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடியதற்குள் என்னோடு கரையேறியவர்கள் எல்லாரும் கண்ணுக்கே தெரியாத தூரம் போய்விட்டார்கள். பழகியவர்கள் ஷூவைப் பெடலிலேயே மாட்டி வைத்துவிட்டு, வெறுங்காலோடு ஓடி, மவுண்ட் லைனை (அதைத் தாண்டிய பிறகுதான் சைக்கிளில் ஏறலாம் என்ற கோடு) தாண்டி ஏறி, ஓட்டிக்கொண்டே காலை நுழைத்துக்கொள்கிறார்கள். அதை நானும் கற்றுக்கொள்ள நினைத்தேன்.

கடைக்குப் போவதற்கு முன்பே வாட்ஸப்பில் தெளிவாகக் கேட்டிருந்தேன்: “டிரையத்லானுக்கு வேண்டும், ஷூவைப் பெடலில் மாட்டிவைத்து வெறுங்காலோடு ஏறப் போகிறேன்.” “அதற்கென்றே செட் வைத்திருக்கிறோம்” என்று பதில் வந்தது. நேரில் போனபோது விற்பனைக்காரர் “வணக்கம், தம்பி” என்றார். மற்றதெல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் இந்த ஊரில் ஒரு கடையில் அந்தச் சொல்லைக் கேட்டதும் மனசு இளகிவிட்டது. “நம்ம ஆளுங்களுக்குத் தனி விலை” என்றார். ஷூவில் கிளீட்டை அவரே பொருத்தித் தந்தார். பெடல் மட்டும் பெட்டியில் இருந்தது, வீட்டில் போட்டுக்கொள்ளச் சொன்னார். கடையிலேயே என் சைக்கிளில் மாட்டி மிதித்துப் பார்க்கிறேன் என்றதற்கு, மெக்கானிக் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்.

வீட்டில் போட்டுப் பார்த்தால் கிளீட் பெடலில் சரியாக உட்காரவில்லை. முழு எடையையும் போட்டு மிதித்தால் எப்படியோ போய்ச் சிக்கும், லேசாகத் திருகினால் கழன்று வரும். போன் செய்தேன். “புதுக் கிளீட் அப்படித்தான், பழகப் பழகச் சரியாகும்” என்றார். நம்பினேன். வீட்டுக்குப் பின்னாலிருந்த கார் பார்க்கில் இரண்டு மாலை பழகினேன். காய்ந்த கால், மெதுவான வேகம். ஒப்பேறியது.

பந்தய நாள். ஷூ கீழே தொங்கித் தரையில் இடிக்காமல் படுக்கையாக நிற்க வேண்டும் என்பதற்காக, குதிகாலில் உள்ள வளையத்திலிருந்து ஒரு ரப்பர் பேண்டைச் சைக்கிள் சட்டத்துக்கு இழுத்துக் கட்டுவார்கள். மிதிக்க ஆரம்பித்ததும் அது அறுந்துவிடும். அப்படித்தான் கட்டியிருந்தேன். மவுண்ட் லைன் தாண்டி ஏறினேன். ஈரக்கால் இடது ஷூவுக்குள் இறங்கவில்லை. குனிந்து குதிகால் வளையத்தில் விரலை மாட்டி இழுத்தேன். வளையம் கையோடு வந்துவிட்டது. ஷூ சரிந்து குதிகால் தாரில் உரசியது, பெடலிலிருந்தும் கழன்று உருண்டது. திரும்பிப் பார்த்த அதே நேரத்தில், வலது ஷூவின் திறந்த பட்டை உள்பக்கமாகத் தொங்கி முன் பல்சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. கிராங்க் (பெடலைத் தாங்கும் தண்டு) நின்றது. விழுந்தேன். முழங்கையிலும் இடுப்பிலும் தோல் உரிந்தது. பந்தயம் அங்கேயே முடிந்தது.

எங்கள் குழுவில் டர்பனின் இன்னொரு பகுதியான ஃபீனிக்ஸிலிருந்து ஓர் அக்கா வருவார். பல வருடமாகப் போட்டிகளில் ஓடுகிறவர், தன் ஆயாவிடம் கற்ற பழைய தமிழில் என்னோடு பேசுவார். ஷூவைக் கையில் வாங்கி ஒரு நிமிடம் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது டிரையத்லான் ஷூவே இல்லை” என்றார்.

அவர் காட்டித் தந்ததை அப்படியே சொல்கிறேன். சாதாரண ரோடு ஷூவில் வெல்க்ரோ பட்டையின் நுனி வெளிப்பக்கம் ஒட்டும். பிரித்தால் பட்டை உள்பக்கமாக, அதாவது கிராங்க், செயின் பக்கமாக விழும். டிரையத்லான் ஷூவில் இது தலைகீழ். நுனி உள்பக்கம் ஒட்டும், பிரித்தால் பட்டை வெளியே விரிந்து நிற்கும், எதிலும் சிக்காது. பட்டையும் ஒன்றோ இரண்டோதான், வாய் அகலமாகத் திறக்கும். சாக்ஸ் இல்லாமல் போடுவதால் உள்ளே தையல் மேடு உறுத்தாது, தண்ணீர் வடிய வலைத்துணி இருக்கும். குதிகால் வளையம் ஷூவோடு சேர்த்தே தைத்திருக்கும். என் ஷூவிலோ மூன்று பட்டையும் தப்பான பக்கம். வளையம் என்று இருந்தது பின்னால் யாரோ கையால் வைத்துத் தைத்த நாடா. கறுப்பு ஷூவில் வெள்ளை நூல்! அதற்குக் கீழே பசை காய்ந்த தடம். சாதாரண ஷூவில் ஒரு நாடாவைத் தைத்து, விலையை ஏற்றி விற்றிருக்கிறார்கள். இதைத் தெரியாமல் செய்தார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

கிளீட் கதை இன்னும் மோசம். பெடல் லுக் நிறுவனத்தின் கியோ வகை, கிளீட்டோ ஷிமானோ நிறுவனத்தின் எஸ்பிடி-எஸ்எல் வகை. இரண்டுக்கும் சோலில் மூன்று போல்ட் துளைதான் என்பதால், அந்தத் துளை உள்ள ஷூவில் இரண்டையும் பொருத்தலாம். ஆனால் ஒன்றின் கிளீட் மற்றதன் பெடலில் ஒழுங்காகப் பூட்டாது. நிறத்தைப் பார்த்தும் ஏமாறக்கூடாது. ஷிமானோவில் சிவப்பு என்றால் பாதம் அசையவே அசையாது, நீலம் 2 டிகிரி, மஞ்சள் 6 டிகிரி அசையும். லுக் கியோவில் கறுப்புதான் அசையாதது, சாம்பல் 4.5 டிகிரி, சிவப்பு 9 டிகிரி. ஒரே சிவப்பு ஒன்றில் இறுக்கம், இன்னொன்றில் அதிகத் தளர்ச்சி. முழங்கால் வலி உள்ளவர்கள் நிறத்தை மட்டும் சொல்லிக் கேட்டு வாங்கிவிடாதீர்கள்.

மறுநாள் கடைக்குப் போனேன். இந்த முறை “வணக்கம்” இல்லை. ரசீதின் அடியிலிருந்த வரியைக் காட்டினார்: சேலில் வாங்கியதற்குப் பணம் திரும்பத் தரப்படாது. ஷூவில் கீறல் இருக்கிறது, பயன்படுத்திய பொருள் என்றார். கீறல் அவர் தைத்த வளையம் அறுந்ததால் வந்தது என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்காதான் சட்டத்தை எடுத்துக் கொடுத்தார். தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 55: இன்ன வேலைக்கு வேண்டும் என்று விவரம் தெரிந்த விற்பனையாளரிடம் குறிப்பாகச் சொல்லி வாங்கினால், பொருள் அந்த வேலைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். பிரிவு 56: அப்படி இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம்; பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணமா என்று தேர்ந்தெடுப்பது வாங்கியவர். குறையை வெளிப்படையாகச் சொல்லி, நாம் அதை ஒத்துக்கொண்டு வாங்கியிருந்தால் வேறு விஷயம். சேல் என்ற ஒரே காரணத்தால் இந்த உரிமை போய்விடாது. என் வாட்ஸப் செய்தி இங்கேதான் கைகொடுத்தது. அதன் படம், ரசீது, வெள்ளை நூலின் படம் மூன்றையும் சேர்த்து மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வராவிட்டால் கன்ஸ்யூமர் குட்ஸ் அண்ட் சர்வீசஸ் ஓம்புட் என்ற நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்புக்குப் போவேன் என்றும் எழுதினேன். அங்கே புகார் கொடுக்க நமக்குக் கட்டணம் இல்லை. ஆனால் முதலில் கடையிடம் முறையிட்டிருக்க வேண்டும். ஆறாம் நாள் கடையிலிருந்து அழைப்பு. 4,600 ராண்டும் வந்தது. ஒரு வார்த்தை மன்னிப்பு வரவில்லை.

வாங்கப் போகிறவர்கள் சைக்கிளைக் கூடவே கொண்டுபோங்கள். உங்கள் பெடலில், உங்கள் காலால், பத்து முறை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். அதற்கு விடாத கடையில் வாங்க வேண்டாம். பட்டையைப் பிரித்து எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். வளையத்தில் விரல் விட்டு நன்றாக இழுங்கள், அங்கேயே அறுந்தால் நல்லது.

முதல் பந்தயம் என்றால் இதெல்லாம் தேவையே இல்லை என்பது என் எண்ணம். சாதாரணப் பெடலில் ஓட்டப்பந்தய ஷூவோடு போனால், சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்குப் போகும் இரண்டாவது மாற்றத்தில் ஷூவே மாற்ற வேண்டாம். இல்லையென்றால் மவுண்டன் பைக்குக்கான இரண்டு போல்ட் எஸ்பிடி வகை ஷூவும் பெடலும். கிளீட் சோலுக்குள் புதைந்திருப்பதால் அதைப் போட்டுக்கொண்டே ஓடலாம், பெடலும் பெரும்பாலும் இரண்டு பக்கமும் பூட்டும். ஓடி ஏறுவதைப் புல்தரையில், ஈரக்காலோடு பல வாரம் பழகிய பிறகு பந்தயத்துக்குக் கொண்டுபோனால் போதும்.

போன சனிக்கிழமை அந்தக் கடை வழியாகப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் ‘டிரையத்லான் செட்’ என்று எழுதி இரண்டு ஜோடி கறுப்பு ஷூ வைத்திருந்தார்கள். குதிகாலில் அதே வெள்ளை நூல்.