தாழ்த்திய காரின் முன் லிப்பைக் காக்கும் பாலிஎத்திலீன் தகடு: ஒரு மதிப்பீடு

ஸ்பிரிங் மாற்றித் தாழ்த்திய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் முதலில் இழப்பது முன் பம்பரின் அடியில் நீண்டிருக்கும் ஸ்பாய்லரின், அதாவது நாம் பேச்சில் லிப் என்று சொல்லும் பகுதியின், கீழ் விளிம்பைத்தான். அந்த விளிம்பின் அடியில் பொருத்தி, தரையின் உராய்வைத் தானே ஏற்றுக்கொள்ளும் தகடுகளைப் பல நிறுவனங்கள் வெவ்வேறு பெயர்களில் விற்கின்றன. நான் வாங்கியது மூன்று துண்டுகளாக வந்த, 6 மி.மீ. தடிப்புள்ள, மிக உயர் மூலக்கூற்று எடை கொண்ட கறுப்புப் பாலிஎத்திலீன் தகடு. கூடவே துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளும் இருபக்க ஒட்டுநாடாவும் இருந்தன. ஏறத்தாழ 140 கனடிய டொலர் கொடுத்தேன். ஏறக்குறைய இதே பொருள் பல பெயர்களில் கிடைப்பதால், ஒரு நிறுவனத்தை அல்ல, இந்த வகையையே இங்கே மதிப்பிடுகிறேன். என் கார் டொயோட்டா ஜி.ஆர் 86, 25 மி.மீ. தாழ்த்தியது, தனியாக வாங்கிப் பூட்டிய பாலியூரித்தேன் லிப் உடையது.

ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோ பகுதியில் ஓட்டும் ஒருவருக்கு லிப் அடிபடும் இடங்கள் நன்றாகத் தெரியும். நகரசபை குடியிருப்புத் தெருக்களில் போடும் நீண்ட, தட்டையான வேகத்தடைகள் பெரிய ஆபத்தல்ல. அவற்றின் ஏற்றம் மெதுவாகத் தொடங்குவதால் லிப் தொடும் முன்பே சில்லு ஏறிவிடுகிறது. தனியார் வணிக வளாகங்களில் போட்டிருக்கும் ஒடுக்கமான, செங்குத்தான மேடுகள்தாம் விளிம்பைச் சுரண்டுகின்றன. அடுக்குமாடிகளின் நிலக்கீழ்த் தரிப்பிடங்களுக்கு இறங்கி ஏறும் சாய்தளங்கள் இன்னொரு வகை. இவை எல்லாவற்றையும் விடக் கொடியவை, தரிப்பிடங்களில் ஒவ்வொரு காருக்கும் முன்னால் கிடக்கும் கொங்கிரீட் கட்டைகள். அவை பெரும்பாலும் 100 மி.மீ.க்கு மேல், சில இடங்களில் 150 மி.மீ. வரை உயரமானவை. அந்த உயரத்தில் மோதினால் அடியில் பூட்டிய எந்தத் தகடும் உதவாது. மோதுவது லிப்பின் முகம், அடிப்பகுதி அல்ல. தகடு வாங்கிவிட்டோம் என்ற தைரியத்தில் கட்டை வரை காரைக் கொண்டுபோய் முட்டுபவர்கள் இதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

வாங்குவதற்கு முன் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. என் காரில் முன் அச்சிலிருந்து லிப்பின் நுனி வரை சுமார் 850 மி.மீ. காரைத் தாழ்த்துவதற்கு முன் லிப்பின் அடி தரையிலிருந்து 110 மி.மீ. உயரத்தில் இருந்தது. சில்லின் வளைவையும் ஸ்பிரிங்கின் அமுக்கத்தையும் சேர்க்காமல் தோராயமாகப் பார்த்தால், சமதரையிலிருந்து திடீரெனத் தொடங்கும் சாய்தளம் 13 சதவீதத்தை நெருங்கும் வரை லிப் தப்பிவிடும். தாழ்த்திய பின் அந்த உயரம் 85 மி.மீ. ஆனது, தப்பும் எல்லை 10 சதவீதமாகக் குறைந்தது. தகடு பூட்டியதும் உயரம் 79 மி.மீ., எல்லை சுமார் 9.3 சதவீதம். ஆகவே, தகடு பூட்டினால் கார் தரையைத் தொடுவது குறைவதில்லை. சற்றுக் கூடவே செய்கிறது. விற்பனையாளர்களின் விளம்பரங்களில் இதை நான் எங்கும் காணவில்லை. தொடுவதைத் தடுப்பது இந்தப் பொருளின் வேலையே அல்ல. தொடும்போது தேய்வது வர்ணம் பூசிய லிப்பாக இல்லாமல், கழற்றி மாற்றக்கூடிய ஒரு தகடாக இருக்கச் செய்வதே அதன் வேலை, அதை இது நன்றாகவே செய்கிறது.

நன்றாகச் செய்வதற்குக் காரணம் அந்தப் பொருளின் இயல்பு. கார்பன் ஃபைபர் லிப் அழகானது. ஆனால் விளிம்பில் அடிபட்டால் வளையாமல் இழை பிரிந்து வெடிக்கும். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் லிப்புகள் மலிவானவை. குளிரில் விறைத்து எளிதில் பிளக்கும். பாலியூரித்தேன் வளைந்து மீளும், ஆனால் தார்ச்சாலையில் உராயும்போது வழுக்காமல் பிடித்துக்கொண்டு, துருவல் துருவலாக உதிரும். இந்த வகைப் பாலிஎத்திலீனோ வழுக்கும் தன்மை மிக்கது. தொழிற்சாலைகளில் பொருள்கள் சறுக்கிச் செல்லும் பாதைகளுக்கு உட்பூச்சாகப் பயன்படுவது. ஒன்ராறியோவின் கடுங்குளிரிலும் நொறுங்காத வலிமை உடையது. தகடு பூட்டிய பின் சாய்தளத்தில் கார் தொடும்போது, முன்பு கேட்ட கரகரப்பான சுரண்டல் ஒலி போய், மந்தமான ஓர் இழுபடும் ஒலி மட்டுமே கேட்கிறது. கார் தயங்குவதில்லை, லிப்பின் பூட்டுகளும் இழுபடுவதில்லை.

இந்த வழுக்கும் இயல்புதான் இதைப் பொருத்துவதில் பெரிய சிக்கலையும் கொண்டுவருகிறது. உராய்வு குறைந்த பாலிஎத்திலீனின் மேற்பரப்பு ஆற்றலும் மிகக் குறைவு. அதில் பசை எளிதில் பற்றாது. சமையலறையில் உணவு ஒட்டாத சட்டியின் பூச்சில் எப்படி எதுவும் பிடிப்பதில்லையோ, அப்படித்தான் இதுவும். 3எம் நிறுவனத்தின் வி.எச்.பி. ஒட்டுநாடா உலோகத்திலும் வர்ணம் பூசிய பரப்பிலும் மிக உறுதியாகப் பிடிக்கும் நல்ல பொருள். ஆனால் அதையும் வெறும் பாலிஎத்திலீன் மேல் ஒட்டினால் அதன் முழு வலிமையை எதிர்பார்க்க முடியாது. பிளாஸ்டிக்கில் பசை பற்றச் செய்யும் பிரைமர் திரவத்தைப் பூசி ஒட்டுவது ஓரளவு உதவும். ஒட்டும் நாளின் வெப்பநிலையும் முக்கியம்: 21 முதல் 38 பாகை செல்சியஸ் வரை உகந்தது; அறை வெப்பத்தில் முழுப் பிடிப்பு வர 72 மணிநேரம் ஆகும். நவம்பர் மாதத்தில் வீட்டு வாசலில் நின்று ஒட்டிவிட்டு, மறுநாளே நெடுஞ்சாலையில் போய், தகடு கழன்று விழுந்துவிட்டது என்று குறை சொல்பவர்கள் பலர். அவர்கள் மீது முழுக் குற்றமும் இல்லை. ஒட்டுநாடா மட்டுமே போதும் என்று பெட்டியில் அச்சிட்டு விற்பது, இந்தப் பொருளைப் பொறுத்தவரை, சரியான அறிவுரை அல்ல. திருகாணி அவசியம், ஒட்டுநாடாவின் பங்கு தகடு அதிராமல் பார்த்துக்கொள்வது மட்டுமே. லிப்பில் துளையிட மனமில்லாதவர்கள் இந்தத் தகட்டை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

துளையிடுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. பாலிஎத்திலீன் வெப்பத்தில் மிக அதிகமாக விரியும். ஒன்றரை மீற்றர் நீளமுள்ள ஒரே துண்டு, பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகைக் குளிருக்கும் 30 பாகை வெயிலுக்கும் இடையே 10 மி.மீ.க்கு மேல் நீண்டு சுருங்கக்கூடும். பம்பர் அந்த அளவு நீள்வதில்லை. அதனால்தான் நல்ல தகடுகள் மூன்று துண்டுகளாக, இடையில் சிறு இடைவெளியுடன் வருகின்றன. அதனால்தான் ஒவ்வொரு துண்டிலும் நடுத் துளை மட்டும் வட்டமாகவும் மற்றவை நீள்வட்டமாகவும் இருக்க வேண்டும். எனக்குத் தகட்டைப் பூட்டிக்கொடுத்த கடை எல்லாத் துளைகளையும் வட்டமாகவே இட்டு, திருகாணிகளை இறுக முறுக்கிவிட்டது. முதல் கடும் வெயிலில் தகடு இரண்டு திருகாணிகளுக்கு இடையே அலைபோல் வளைந்து நின்றது. துளைகளை நீட்டி, திருகாணிகளை மெல்லத் தளர்த்தியதும் அது சரியாகிவிட்டது. வேலையைக் கடையில் கொடுப்பவர்கள், காரைக் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுவது நல்லது. சொல்லாவிட்டால் பெரும்பாலான இடங்களில் செய்ய மாட்டார்கள்.

திருகாணியின் தலை தகட்டின் பரப்புக்குள் ஆழமாக அமிழ்ந்திருக்க வேண்டும் என்பது அதைவிட முக்கியம். தலை வெளியே தெரிந்தால் தரையில் முதலில் தேய்வது அதுதான். ஒருமுறை தலை தேய்ந்துவிட்டால் திருப்புளி பிடிக்காது, பிறகு தகட்டைக் கழற்ற வழியே இல்லை. 6 மி.மீ. தடிப்பில் தலையை 2 மி.மீ. உள்ளே இறக்க இடமிருக்கிறது; 3 மி.மீ. தடிப்பில் வரும் மலிவான தகடுகளில் அந்த இடம் கிடையாது, ஆகவே அவற்றை நான் ஒதுக்குகிறேன்.

இன்னும் ஒரு குறை, இது எல்லாத் தயாரிப்பாளர்களும் கவனிக்க வேண்டியது: தகட்டின் முன் விளிம்பைச் சரிவாகச் செதுக்கியிருக்கிறார்கள், பின் விளிம்பைச் செங்குத்தாகவே விட்டிருக்கிறார்கள். தாழ்ந்த கார்களின் முன் பம்பர் பிய்ந்து வருவது பெரும்பாலும் முன்னே போகும்போது அல்ல, பின்னே எடுக்கும்போதுதான். சற்று உயரம் குறைந்த நடைபாதை விளிம்பின் மேலே லிப் ஏறி நின்றுவிட்டால், ரிவர்ஸ் எடுக்கும்போது அதன் பின்புறம் கொக்கிபோட்டு, பூட்டுகளோடு சேர்த்து இழுத்துவிடும். தகட்டின் செங்குத்தான பின் விளிம்பு இந்த ஆபத்தைக் கூட்டுகிறது. நான் அந்த விளிம்பை அரத்தால் சரிவாக்கினேன். பாலிஎத்திலீன் அரத்துக்கு எளிதில் இணங்கும், அரை மணி நேர வேலை. தொழிற்சாலையிலேயே இதைச் செய்துவிட்டால் செலவு ஒன்றும் கூடப்போவதில்லை.

வெயிலும் உறைபனியும் உப்பும் கடந்த பின் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். லிப்பின் அடியில் புதிதாக ஒரு கீறலும் இல்லை. தகட்டின் நடுத் துண்டு ஏறக்குறைய புதிதாகவே இருந்தது. இரு ஓரத் துண்டுகள் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தன. இது எதிர்பார்க்கக்கூடியதே. சாய்தளத்தைக் குறுக்காகக் கடக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஓரங்களே முதலில் தொடும். அப்படிக் கடப்பது சரியான முறையும்கூட. ஒரு பக்கச் சில்லு முதலில் ஏறிக் காரின் முகத்தைத் தூக்கிவிடுவதால் லிப் முழுவதும் ஒரே நேரத்தில் அடிபடுவதில்லை. அதோடு, ஏற்றத்தைத் தொடும் முன் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். பிரேக் அழுத்தியபடி ஏறினால் காரின் முகம் தாழ்ந்து, கையில் இருக்கும் கொஞ்ச இடைவெளியும் போய்விடும்.

மாற்று வழிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வர்ணத்தைக் காக்கும் ஒளிபுகும் படலம் நல்ல பொருள். எக்ஸ்பெல், 3எம் போன்றவற்றின் வழக்கமான படலம் சுமார் 0.2 மி.மீ. தடிப்புள்ளது. நெடுஞ்சாலையில் தெறிக்கும் கற்களிலிருந்து லிப்பின் முகத்தை அது காக்கும். அடிப்பகுதியில் கொங்கிரீட் உராய்ந்தால் ஒரே முறையில் கிழிந்துவிடும். முகத்துக்குப் படலம், அடிக்குத் தகடு என்று இரண்டையும் சேர்த்துப் போடுவதே முறை. ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

டொட்ஜ் சலெஞ்சர், சார்ஜர் கார்களின் முன் ஸ்ப்ளிட்டரில், அதாவது பம்பரின் அடியில் முன்னோக்கி நீளும் விளிம்பில், மஞ்சள் நிறக் காப்புகள் பூட்டியிருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அவை தொழிற்சாலையிலிருந்து விற்பனை நிலையம் வரை காரைக் கொண்டுசெல்லும்போது பாதுகாக்க மட்டுமே வைத்தவை. காரை ஒப்படைக்கும் முன் கழற்றப்பட வேண்டியவை. அவற்றை நிரந்தரமாக விட்டுவைத்தால், இடையில் புகும் மண்ணும் நீரும் அசைவில் உராய்ந்து, காக்க வேண்டிய வர்ணத்தையே தேய்த்துவிடும். இறுக்கமாகப் பொருந்தாத எந்தக் காப்புக்கும் இது பொருந்தும். நம் தகட்டிலும் லிப்புக்கும் அதற்கும் இடையில் ஒட்டுநாடா முழு நீளத்துக்கும் இருக்க வேண்டியதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

பணம் ஒரு தடையில்லை என்றால், காரின் முன்பக்கத்தைத் தூக்கும் அமைப்பே உண்மையில் தொடுவதைத் தவிர்க்கும் வழி. செவர்லே கோர்வெட்டின் எட்டாம் தலைமுறையில் விருப்பத் தெரிவாகக் கிடைக்கும் அமைப்பு, முன்பக்கத்தை 2.8 விநாடியில் 40 மி.மீ. உயர்த்துகிறது, மணிக்கு 38 கி.மீ. வேகம் வரை இயங்குகிறது. 1000 இடங்கள் வரை ஜி.பி.எஸ். மூலம் நினைவில் வைத்து அங்கே போனதும் தானே உயர்த்துகிறது. நாளாந்தம் ஒரே நிலக்கீழ்த் தரிப்பிடத்துக்குப் போய்வருபவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. அதே கோர்வெட்டின் ஐந்தாம், ஆறாம் தலைமுறைகளில், ரேடியேற்றருக்குக் காற்றைத் திருப்பும் அடித் தடுப்பை வளையும் பொருளில் செய்து, தரையில் தொட்டாலும் மடங்கி மீளும்படி வைத்திருந்தார்கள். தொடுவது நடந்தே தீரும் என்று முதலிலேயே ஏற்றுக்கொண்ட அந்த வடிவமைப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். நம் 140 டொலர் தகடும் அதே எண்ணத்தில்தான் நிற்கிறது. என் காரின் லிப் முன்பக்கத்தில் காற்று அடியில் புகுவதைக் குறைக்கும் வேலையைச் செய்கிறது; தகடு அதன் வடிவத்தை மாற்றாததால் அந்த வேலைக்கும் இடையூறு இல்லை.

ஆகவே, வர்ணம் பூசிய பாலியூரித்தேன் அல்லது தொழிற்சாலை லிப் வைத்திருந்து, அதில் துளையிடத் தயாராகவும் இருப்பவர்களுக்கு இந்தத் தகட்டைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். கார்பன் ஃபைபர் லிப் உடையவர்கள் திறமையான ஒருவரிடம் மட்டுமே துளையிடக் கொடுக்க வேண்டும். துளையின் ஓரத்தில் இழை பிரியத் தொடங்கினால் அது நிற்காது. குத்தகைக்கு எடுத்த காரென்றால், திருப்பிக் கொடுக்கும்போது துளைகளுக்குக் கட்டணம் கேட்பார்களா என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கும் முன் விற்பனையாளரிடம் கேட்க வேண்டியது, ஓரத் துண்டுகள் தனியாகக் கிடைக்குமா என்பதுதான். எனக்கு விற்றவர்கள் முழுத் தொகுதியாக மட்டுமே தருகிறார்கள். தேயாத நடுத் துண்டுக்கும் மறுபடி பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஓரங்களைத் தனியாக விற்கும் நிறுவனம் இருபது டொலர் கூடக் கேட்டாலும் அதையே வாங்குங்கள்.