நைலான் நட்டா, காட்டர் பின்னா? கிட் விமானத்தில் மரை இணைப்புகள்

பாகங்களின் தொகுப்பாக (கிட்) வாங்கித் தாமே விமானம் கட்டுவோர் நட்டையும் போல்ட்டையும் பெரும்பாலும் வலிமையை வைத்தே ஒப்பிடுகிறார்கள். அந்த அளவுகோல் மட்டும் போதாது. போல்ட் பாரம் தாங்காமல் அறுந்துவிடுமோ என்று நான் அதிகம் கவலைப்பட்டதில்லை. நட் சிறிது சிறிதாகத் தளர்ந்து கழன்றுவிடுமோ, துளைக்குள் போல்ட் ஆடி ஆடித் துளையை அகலப்படுத்திவிடுமோ என்பதுதான் என் அச்சம். ஆகவே, எந்த இணைப்பானாலும் அது சுழலுமா, சூடேறுமா, அடிக்கடி கழற்றப்படுமா, விசை அதன்மேல் எந்தத் திசையில் வரும் என்பவற்றைப் பார்த்த பிறகே பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் விமானத்துக்கான ஏஎன் (அமெரிக்க ராணுவ-கடற்படைத் தரநிலை) போல்ட்டையும் வாகனங்களில் பயன்படும் கிரேடு 8 போல்ட்டையும் எடுத்துக்கொள்வோம். ஏஎன் எஃகுப் போல்ட்டின் இழுவலிமை சதுர அங்குலத்துக்குக் குறைந்தது 1,25,000 பவுண்டு. கிரேடு 8 போல்ட்டுக்கு அது 1,50,000 பவுண்டு. எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டாவதே மேல். ஆனால் விமானத்தின் பல இணைப்புகளில் விசை போல்ட்டைக் குறுக்கே வெட்டுவதாகவே வருகிறது, அங்கே பாரத்தைத் தாங்குவது மரையில்லாத வழவழப்பான தண்டுப்பகுதிதான். ஏஎன் போல்ட்டில் மரை குட்டையானது, நீளமும் எட்டில் ஓர் அங்குலப் படிகளில் கிடைக்கிறது. அதனால் தகட்டின் கனத்துக்குச் சரியான தண்டைத் தேர்ந்தெடுத்துத் துளையை முழுவதும் நிரப்பலாம். வாகனப் போல்ட்டில் மரை நீளமாக ஓடுவதால் அது துளைக்குள்ளேயே வந்து உட்காரும். மென்மையான அலுமினியத்தை அந்த மரை அரம்போல் அராவிவிடும். ஏஎன் போல்ட்டின் கேட்மியம் பூச்சு அலுமினியத்தோடு ஒத்துப்போவதால், இரு உலோகங்கள் தொட்டுக்கொள்வதால் வரும் அரிப்பும் குறைகிறது. ஆகவே கட்டமைப்பில் எங்கும் ஏஎன் போல்ட்தான்; இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

அதன் குறியீட்டைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஏஎன்4-10ஏ என்பதில் 4 என்பது பதினாறில் நான்கு பங்கு, அதாவது கால் அங்குல விட்டம். 10 என்பது ஓர் அங்குலமும் பூஜ்ஜியம் எட்டிலொன்றுகளும். ஆகவே 7-க்கு அடுத்த நீளம் 8 அல்ல, 10. கடைசியில் வரும் ஏ, காட்டர் பின்னுக்கான (நட் கழலாமல் குறுக்கே செருகும் கம்பி) துளை தண்டில் இல்லை என்று சொல்கிறது. பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதேபோல் ஒன்றைக் கண்ணால் பார்த்து எடுப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை 1990 ஜூன் 10 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானம் காட்டியது. விமானி அறையின் முன்கண்ணாடியைப் பிடித்திருந்த 90 போல்ட்டுகளில் 84 போல்ட்டுகளின் விட்டம் குறைவாகவும், மீதி 6 போல்ட்டுகளின் நீளம் குறைவாகவும் இருந்தன. நடுவானில் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது, தலைமை விமானி பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டும் உயிர் பிழைத்தார். விட்டத்தில் இருந்த குறைவு அங்குலத்தில் ஆயிரத்தில் 26 பங்குதான்.

நீளம் சரியாக அமையாதபோது வாஷரால் ஈடுகட்டலாம். கனமான வாஷர் பதினாறில் ஓர் அங்குலம், மெல்லியது அதில் பாதி. மூன்றுக்கு மேல் வாஷர் தேவைப்பட்டால் போல்ட்டின் நீளமே தவறு என்று பொருள்.

அலசலின் மையம் நட்டைப் பற்றியது. நைலான் வளையம் கொண்ட பூட்டு நட் எடை குறைந்தது, விரைவாகப் பூட்டலாம், நிறுத்திய இடத்திலேயே நிற்கும். அதன் எல்லை ஏறத்தாழ 121 டிகிரி செல்சியஸ். ஆகையால் தீத்தடுப்புச் சுவருக்கு முன்னால், எஞ்சின் பக்கம், முழு உலோகப் பூட்டு நட்டுதான் பொருந்தும். மேல் விளிம்பில் பள்ளங்கள் வெட்டிய காசில் நட்டும் காட்டர் பின்னும் சேர்ந்த இணைப்பு வேலை வாங்கும். ஆனால் அங்கே பூட்டுவது உராய்வு அல்ல, குறுக்கே நிற்கும் ஒரு கம்பி. போல்ட்டே அச்சாக நின்று சுழலக்கூடிய இடத்தில், உராய்வை மட்டும் நம்பும் நட் கூடாது. கட்டுப்பாட்டுக் கம்பியின் கவட்டை முனை அத்தகைய இடம். கம்பி முனையில் உருண்டை பொதிந்த ராட் எண்ட் பேரிங்கில் நிலைமை வேறு. போல்ட் உள்ளே இருக்கும் உருண்டையை இறுகப் பிடித்திருக்க, வெளிக்கூடுதான் அசைகிறது, போல்ட் சுழல்வதில்லை. அங்கே கிட்டின் வரைபடம் நைலான் நட்டைக் கேட்டால் அது பிழையல்ல. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் எல்லா இடத்திலும் காசில் நட்டைப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன், எங்கும் போடாதவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டாம் வகையினரை நினைத்தால்தான் எனக்குக் கலக்கம்.

நைலான் நட்டை மீண்டும் பயன்படுத்தலாமா என்பது அடுத்த கேள்வி. புது நட்டை விரலால் திருகினால் சில சுற்று இலகுவாக ஓடும். நைலானைத் தொட்டதும் நின்றுவிடும், அதற்குமேல் ஸ்பேனர் வேண்டும். அந்த இடத்தில் நிற்காமல் விரலுக்கே நழுவி ஓடும் நட்டை உடனே குப்பையில் போட வேண்டும். 2011 செப்டம்பர் 16 அன்று அமெரிக்காவின் ரீனோ விமானப் பந்தயத்தில் ஒரு பி-51 விமானம் விழுந்து 11 பேர் உயிரிழந்தனர். மறுபடியும் பயன்படுத்திய பூட்டு நட்டுகளின் உட்பகுதி நைந்து, வாலிலுள்ள டிரிம் டேப்பை (விமானத்தைச் சமநிலையில் வைக்கும் சிறு மடல்) பிடித்திருந்த ஸ்குருக்கள் தளர்ந்ததை விசாரணை கண்டறிந்தது. அதைப் படித்த நாளிலிருந்து கழற்றிய நைலான் நட்டை நான் மறுபடி போட்டதில்லை. சேமிக்கிற பணம் அற்பமானது.

காசில் நட்டில் பொறுமை சோதிக்கப்படும். கால் அங்குலப் போல்ட்டுக்கு உலர்ந்த மரையில் முறுக்குவிசை 50 முதல் 70 அங்குல-பவுண்டு. 50-ஐத் தொட்டபின் பள்ளமும் துளையும் நேராக வரவில்லை என்றால், 70-க்குள் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் நட்டைப் பின்னால் தளர்த்திப் பின்னைச் செருகுவது தவறு, அளவை மீறி இறுக்குவதும் தவறு. கழற்றி, கனமான வாஷருக்குப் பதில் மெல்லியதைப் போட்டு மறுபடி தொடங்க வேண்டும். சென்ற முறை ஓர் இணைப்புக்கு நான்கு தடவை கழற்றினேன். நான்காவது தடவை 60-ல் துளை கண்ணெதிரே திறந்தது. வெட்டுவிசைக்கான மெல்லிய நட்டுக்கு இந்த அளவு செல்லாது. அதே விட்டத்துக்கு அது 30 முதல் 40 மட்டுமே.

பூட்டு நட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. நைலானைத் தள்ளிக்கொண்டு போவதற்கே ஒரு முறுக்கு செலவாகும். முறுக்கை அளக்கும் டார்க் ரெஞ்சில் அந்த இழுப்பு 10 என்று காட்டினால், இலக்கு 60 முதல் 80 ஆகும். அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ வெளியிட்ட ஏசி 43.13-1பி என்ற வழிகாட்டி இதைக் கூட்டச் சொல்கிறது. கிட்டின் கையேடு வேறு அளவு தந்தால் கையேடே இறுதி. இயன்றவரை நட்டையே திருப்ப வேண்டும், தலையை அல்ல.

மறுபக்கம் கை நுழையாத இடத்தில் நட்பிளேட்டா (தகட்டில் ரிவெட் செய்து பொருத்தும் நட்), ரிவ்நட்டா (துளைக்குள் நசுக்கிப் பொருத்தும் மரைக்குழல்)? ரிவ்நட்டை ஒரே பக்கத்திலிருந்து பொருத்திவிடலாம். அந்த வசதிக்கு ஆசைப்பட்டு ஒரு சோதனைத் தகட்டில் போட்டுப் பார்த்தேன். ஸ்குரு சிக்கிக்கொண்டதும் ரிவ்நட் அதனோடு சேர்ந்து சுற்றத் தொடங்கியது, கடைசியில் துளைபோட்டுத்தான் எடுக்க முடிந்தது. நட்பிளேட்டை இரண்டு ரிவெட்டுகள் பிடித்திருப்பதால் அது சுற்றுவதற்கு வழியில்லை. அடிக்கடி திறக்கும் மூடிகளுக்கு நட்பிளேட்டே என் தேர்வு.

தலை குழிக்குள் அமிழ்ந்து உட்காரும் சாய்தலை ஸ்குருக்களில் கோணம் முக்கியம். விமான ஸ்குருவின் தலை 100 டிகிரி, ஹார்டுவேர் கடையில் கிடைப்பது வழக்கமாக 82 டிகிரி. 100 டிகிரிக் குழியில் மார்க்கர் மையைத் தடவி இரண்டையும் இறுக்கிப் பாருங்கள். 82 டிகிரித் தலை குழியின் அடியில், துளையை ஒட்டி ஒரு மெல்லிய வளையமாக மட்டும் மையை அழித்திருக்கும், 100 டிகிரித் தலை குழி முழுவதையும் தொட்டிருக்கும். ஃபைபர்கிளாஸ் மூடிகளில் ஸ்டெயின்லெஸ் ஸ்குரு அழகாகவும் துருவேறாமலும் இருக்கும். கட்டமைப்புப் பாரம் தாங்கும் இடத்தில் வரைபடம் கேட்கும் எஃகு ஸ்குருவையே போட வேண்டும். மரைப் பூட்டுத் திரவத்தை அக்ரிலிக் கண்ணாடிக் கூரைக்கு அருகே கொண்டுபோகாதீர்கள், கண்ணாடி வெடிப்பு விடும்.

இறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டுக்கும் போல்ட் முனையிலிருந்து நட் வழியாகத் தகடுவரை ஒரு வண்ணக்கோடு இழுத்துவிடுகிறேன். நட் அசைந்தால் கோடு உடையும். பறப்பதற்கு முன் டார்ச் வெளிச்சத்தில் அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன்.