தரைத்தள வீட்டுக்கு ஈரம் உறிஞ்சும் மெஷின்: ஒரு மழைக்காலம் ஓட்டிப் பார்த்ததில்

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் பீரோவைத் திறந்தால், கூறைப்புடவையின் மடிப்பெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் தரைத்தளத்தில் குடியிருந்தால் இதெல்லாம் சகஜம்தான், உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும், பொரித்த அப்பளம் சாப்பிட உட்காருவதற்குள் நமுத்துப் போகும், ஆனால் புடவையில் கை வைத்ததும் பொறுக்கவில்லை.

முதலில் ஏமாந்ததைச் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தைப் பார்த்து 2,300 ரூபாய்க்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டி டீஹியூமிடிஃபையர் வாங்கினேன். பெல்டியர் வகை, உள்ளே கம்ப்ரசர் கிடையாது, சின்னச் சில்லு ஒன்று ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும், அவ்வளவுதான். ராத்திரி முழுக்க ஓடிச் சேர்த்த தண்ணீர் கால் டம்ளர். செருப்பு அலமாரிக்கு வேண்டுமானால் சரி, அறைக்கெல்லாம் ஆகாது.

அப்புறம்தான் புத்தி வந்து ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கினேன். நீங்களும் முதலில் இதைத்தான் வாங்க வேண்டும். மீட்டர் சரியா என்று பார்க்க, பாட்டில் மூடியில் தூள் உப்பைப் போட்டுச் சேறு மாதிரி நனையும் அளவுக்கு நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு ஜிப் கவரில் மூடி ஒரு நாள் வைத்தால் 75 காட்ட வேண்டும். என்னுடையது 71 காட்டியது, அதனால் எப்போதும் நாலு கூட்டிப் படிக்கிறேன். கூட்டிப் பார்த்தால் படுக்கையறையில் 86. அறுபதுக்குக் கீழே இருந்தால்தான் பூஞ்சை அடங்கும்.

இப்போது ஓடுவது 12 லிட்டர் கம்ப்ரசர் மெஷின், சுமார் 17,000 ரூபாய் ஆனது. அந்த 12 லிட்டர் என்பது பெரும்பாலும் 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதத்தில் 24 மணி நேரத்துக்குப் போடும் கணக்கு, அறை காயக் காயத் தண்ணீரும் குறையும், அதற்காகக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். முதல் நாள் ராத்திரி 2 லிட்டர் தொட்டி நிரம்பி மூன்றரை மணிக்குக் கீச்கீச்சென்று கத்தி நின்றது. தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த அம்மா, "இம்புட்டுத் தண்ணியும் இந்த ரூமுக்குள்ளயா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு மணிபிளான்ட்டுக்கு ஊற்றினாள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று பக்கத்து வீட்டு மாமா கேட்டார், தூசி படிந்த தகட்டில் வடிந்த தண்ணீர் அது, வேண்டாம் என்றேன். இரண்டாம் நாள் 58க்கு இறங்கியது.

குறை இல்லாமல் இல்லை. பழைய ஃபிரிட்ஜ் மாதிரி உறுமும். அறை இரண்டு டிகிரி சூடாகும், ஜன்னலையும் சாத்தித்தான் ஓட்ட வேண்டும் (திறந்து வைத்தால் ஊர் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டிருக்கும்), ஆக ஒரே புழுக்கம். பகலில் ஓட்டி, படுக்கும்போது நிறுத்திவிடுகிறோம். 230 வாட், எட்டு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2 யூனிட். ஏசியில் டிரை மோடு இருக்கிறதே என்பார்கள், வெயில் காலத்தில் அது போதும், கார்த்திகைக் குளிரில் ஏசி அடிக்கடி நின்றுவிடும், நமக்கு நடுக்கம்தான் மிச்சம்.

நான் எதிர்பார்க்காத லாபம் துணி. கொடியை அறைக்குள் கட்டி மெஷினைக் கீழே வைத்தால் ஜீன்ஸ்கூட முக்கல் வாடை இல்லாமல் சாயந்திரத்துக்குள் காய்ந்துவிடுகிறது. ஊட்டிப் பக்கம் இருப்பவர்கள் மட்டும் இதை வாங்காதீர்கள், குளிரில் உள்ளே பனி கட்டிக்கொள்ளும், அங்கே டெசிகன்ட் வகைதான் (ஈரத்தைத் தானே உறிஞ்சும் பொருள் வைத்தது) சரி.

இத்தனைக்குப் பிறகும் பீரோவுக்குப் பின்சுவரில் ஓதம் காயவே இல்லை. பிளம்பரைக் கூப்பிட்டால், அந்தப் பக்கத்து பாத்ரூமில் நஹானி டிராப் (தரையில் தண்ணீர் வடியும் வாய்) ஓரமாகக் கசிவு. அதை அடைத்த பிறகு மெஷினை வாரத்துக்கு மூன்று நாள்தான் போடுகிறோம், புடவையும் டிரைகிளீனிங் போய்வந்து பழைய இடத்துக்கே வந்துவிட்டது.