கிரவல் வீதியில் மூன்று சில்லு நாற்காலி: பல வருடப் பாவனைக்குப் பிறகு

பின்னால் இரண்டு பெரிய சில்லுகள், முன்னால் நீட்டிக்கொண்டு ஒற்றைச் சில்லு. இந்த வகைச் சக்கர நாற்காலியைத்தான் கிளிநொச்சிக்குக் கிழக்கே உள்ள எங்கள் கிராமத்தில் பல வருடங்களாகப் பாவிக்கிறேன். 2009இல் ஷெல் துண்டு முள்ளந்தண்டில் பட்டதிலிருந்து இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்வில்லை. வீட்டில் தையல் வேலை செய்கிறேன். இப்படியொரு நாற்காலி எடுக்க இருப்பவர்களுக்கும், அவர்களோடு ஒரே ஊரில் நடமாடுகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரிகளில் காணும் நான்கு சில்லு நாற்காலியின் முன்சில்லுகள் மிகச் சிறியவை. ஒரு கிரவல் கல் முட்டினாலே நாற்காலி நின்றுவிடும், இருப்பவர் முன்னே சரிந்துவிடுவார். இதில் முன்சில்லு தள்ளி இருப்பதால் அந்தப் பயம் இல்லை. பின்சில்லுகளுக்குச் சைக்கிள் டயரும் ரியூபும் பொருந்துகின்றன. நெருஞ்சி முள் ஏறினால் சந்தியிலுள்ள சைக்கிள் கடையிலேயே ஒட்டிக்கொள்ளலாம். வன்னிக்கு இதைவிடப் பெரிய தகுதி வேறு வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. மணல் புகுந்து பெயரிங் இறுகும். சில்லைத் தள்ளப் பிடிக்கும் கைவளையம் வியர்வையில் துருப்பிடிக்கும். இருக்கை மெத்தை அமுங்கிப்போனால் உடனே மாற்றவேண்டும். உணர்வில்லாத உடம்பில் அழுத்தப்புண் வந்தால் ஆற மாதக்கணக்காகும். பிரேக் டயரை அழுத்தித்தான் சில்லை நிறுத்துகிறது. ஆகவே காற்றுக் குறைந்தால் பிரேக்கும் பிடிக்காது. காற்றைப் பார்க்காமல் நான் கட்டிலுக்கு மாறுவதில்லை. மாரியில் ஒழுங்கை சேறாகும்போது முன்சில்லு புதைந்துவிடும். அப்போது யாராவது நாற்காலியைப் பின்பக்கமாக இழுத்துச் செல்லவேண்டும். இவையெல்லாம் பழகக்கூடியவை, பழகியும்விட்டன.

பழக முடியாதது மனிதர்களின் கவனமின்மை. அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். சந்தையில் ஒரு அக்கா மரக்கறிப் பையை என் நாற்காலிக் கைபிடியில் மாட்டிவிட்டுப் பேசிக்கொண்டிருப்பார். பின்பாரம் கூடினால் நான் மல்லாக்க விழுவேன் என்பது அவருக்குத் தோன்றாது. வீதியில் போகிற தம்பி ஒருவர் கேட்காமலே பின்னால் வந்து தள்ளத் தொடங்குவார். அந்த நேரம் என் விரல்கள் சில்லில் இருக்கும். உதவ மனம் இருக்கிற இவர்களிடம் நான் எதிர்பார்ப்பது ஒரு வார்த்தைதான்: "அக்கா, தள்ளட்டுமா?"

நான் நூல் வாங்கும் கடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். கடை வாசல் ஒன்றரை அடி உயரம். வருடக்கணக்காக நான் வெளியே வெயிலில் நிற்பேன்; முதலாளி அண்ணா நூலைக் கொண்டுவந்து காட்டுவார். ஒரு நாள் அவராகவே, "உங்களுக்காகத்தான் தங்கச்சி" என்று சீமெந்தில் ஒரு சாய்வு போட்டுவைத்திருந்தார். நீளம் மூன்று அடி. சாய்வுப் பாதைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். அந்தக் கணக்கில் இவருடைய வாசலுக்குப் பதினெட்டு அடி வேண்டும். மூன்று அடிச் சாய்வில் நான் தனியே ஏறினால் நாற்காலி பின்னுக்குக் கவிழும். மோட்டார் சைக்கிள் நன்றாக ஏறுகிறது. இப்போது அங்கே இரண்டு எப்போதும் நிற்கின்றன.

அந்த மோட்டார் சைக்கிள்களால் வேறொரு ஆபத்தும் உண்டு. சைலன்சர் சூட்டோடு இருக்கும்போது அதை ஒட்டிப் போனால் என் கால் சுட்டது எனக்கே தெரியாது. இரவு கழுவும்போது கொப்புளத்தைப் பார்த்துத்தான் அறிவேன். சாய்வுப் பாதையில் வண்டியை விட்டுவிட்டு "ஐந்து நிமிடம்தானே" என்பவர்களுக்கு இதைச் சொன்னால் உண்மையாகவே திடுக்கிடுகிறார்கள். உடனே எடுத்தும்விடுகிறார்கள். மறுவாரம் அதே இடத்தில் இன்னொருவருடைய வண்டி நிற்கும்.

முதலாளி அண்ணாவிடம் அளவு நாடாவைப் பிடித்துக் காட்டினேன். "நான்தான் வெளியே கொண்டுவந்து தருகிறேனே" என்று மனவருத்தப்பட்டார். துணியோடு நூலை வைத்து, அடுத்தடுத்த நான்கு நிறங்களில் எது சேருகிறது என்று நானே பார்த்து எடுப்பது என் தொழில். அவர் கொண்டுவந்து தரும் ஒற்றை நூல்கட்டையை வாங்கிக்கொண்டு திரும்பினால் வேலை பிசகும். சுவரோரமாக நீளச் சாய்வு கட்டலாம் என்று இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம். முன்னால் உள்ள வடிகானுக்கு மேலே மூடி போடவேண்டியிருப்பதால் இழுபடுகிறது.

அலுவலகங்கள் வேறு மாதிரி. ஒரு கந்தோரில் நான் நேரே முன்னால் இருக்க, என்னோடு வந்த தம்பியைப் பார்த்து, "அக்காவுக்கு என்ன அலுவல்?" என்று கேட்டார்கள். தம்பி, "அக்காவிடமே கேளுங்கள்" என்றான். அப்புறமும் கையெழுத்துப் போடவேண்டிய படிவத்தை அவனிடமே நீட்டினார்கள். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இந்த நாட்டில் இதற்கெனச் சட்டம் இல்லாமலில்லை: மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், பொதுக் கட்டடங்களின் அணுகல் வசதிக்காக 2006இல் வந்த ஒழுங்குவிதிகள், அதே உரிமைகளுக்காக 2016இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்திய ஐ.நா. சமவாயம். யுத்தத்தில் இத்தனை பேர் அவயவம் இழந்த மண்ணில், மீளக் கட்டிய கட்டடத்தின் வாசலிலும் படிக்கட்டைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

நாற்காலி எடுப்பவர்களுக்கு: உங்கள் இடுப்பு அகலத்தை அளந்து கொடுங்கள், கிடைத்த அளவை வாங்கி அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ள நினைக்கவேண்டாம். மேலதிக ரியூபும் நட்டுக் கழற்றச் சரியான சாவியும் கேட்டு வாங்குங்கள். இது நீளமான வண்டி. ஒடுக்கமான மலசலகூடத்தில் திரும்பாது. பெரும்பாலும் வீட்டுக்குள்ளும் சீமெந்துத் தரையிலும் இருப்பவர்களுக்கு நான்கு சில்லுதான் வசதி. கிரவலும் வயல் வரம்பும் உங்கள் பாதையென்றால் மூன்று சில்லையே எடுங்கள்.